உழைச்செல்வாரும் தராசும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து வைத்தார். நோயுற்றவன் ஒரு கூறு; நோய் தீர்ப்பவன் ஒரு கூறு; மருந்து ஒரு கூறு; அருகிருந்து அதனைப் பிழையாமற் செலுத்துபவன் ஒரு கூறு. நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. உழை என்பது ஈண்டுப் பக்கம் என்னும் பொருளது. நோயாளியின் பக்கத்தே செல்பவன், பக்கத்தே நிற்பவன் என்பது கருத்து. பரிமேலழகர் இந்நான்கையும் ஒவ்வொன்றும் நந்நான்காக விரித்து, உழைச்செல்வானுக்கு அன்பும் மனமொழிமெய்த் தூய்மையும், பணித்ததைத் திறம்படச் செய்யும் ஆற்றலும், அறிவும் வேண்டும் என்று உரை கண்டார்.

இக்குறளை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். நடத்தி முடித்தபின், நான்கனுள் எது இன்றேல் ஏனைய மூன்றும் பயனிலவாகும் என்று மாணாக்கரை வினவுவேன். மருத்துவன் என்பார் பலர்; மருந்து என்பார் சிலர்; குறும்புக்காரன் எவனேனும் ஒருவன் நோயாளி என்பான். உழைச்செல்வான் என்று விடை கூறிய மாணாக்கரை நான் இதுகாறும் கண்டிலேன். அண்மைக்காலத்தில் எனக்கே அவ்விடை தோன்றத் தொடங்கியிருக்கிறது. அதற்குக் காரணமான செய்திகளையே இங்கு எழுத முற்படுகிறேன்.

நேரமே மருந்து

வள்ளுவர் கூறிய நான்காம் கூறு இக்காலத்திற் பல கிளைகளாகப் பிரிந்துவிட்டது. தாதியரை யாவரும் அறிவர். அவர்க்கு அப்பால் நிற்கும் மற்றொரு சாராரை அறிந்தவர் சிலரே. வாதத்தால் விழுந்த கையையும் முறிந்து பொருந்திய காலையும் பயிற்சியால் மீண்டும் இயங்கச் செய்பவர் இயன்மருத்துவர். அவ்வாறு இயங்கத் தொடங்கிய கையைச் சோறு பிசையவும் பொத்தான் மாட்டவும் பழக்குபவர் தொழில்வழிச் சிகிச்சையாளர். நாத் தடுமாறியவரைப் பேசவும், தொண்டை இடறுபவரை விழுங்கவும் பயிற்றுபவர் பேச்சுச் சிகிச்சையாளர். இம்மூவர் பணியையும் ஒருங்கே புனர்வாழ்வுச் சிகிச்சை என்பர். புனர்வாழ்வு என்ற சொல் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இந்நாட்டில் வேறொரு பொருளில் வழங்கிப் பலர் நெஞ்சிற் கசப்பை ஏற்படுத்தியது உண்மை. நான் ஈண்டுப் பேசுவது உடலின் மறுவாழ்வு பற்றியே.

மருந்துக்கும் இவர்தம் பணிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மருந்தைக் குப்பியில் அடைக்கலாம், கப்பலில் ஏற்றலாம், களஞ்சியத்தில் வைத்து ஆறு மாதம் கழித்துக் கொடுக்கலாம். சிகிச்சையாளர் தரும் மருந்தோ அவருடைய நேரம். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கும் அரைமணி நேரத்தைச் சேமித்து வைக்கவும் இயலாது, விரைவுபடுத்தவும் இயலாது. ஆதலின், அந்நேரத்தை அளப்பவர் யார், எக்கோலால் அளக்கிறார் என்னும் வினாவே இவர்தம் வேலை நிலைமை முழுவதற்கும் அடிப்படையாகும். கோல் பிழையாயின் சம்பளம் எத்துணை உயர்ந்தாலும் பயனில்லை என்பதும், அப்பிழையின் கேட்டை ஈற்றிற் சுமப்பவர் நோயாளியே என்பதும் என் துணிபு.

இரு பெண்கள்

தலவாக்கலையை அடுத்த தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்த அம்மையார் ஒருவர் உளர். அவர் மகன் என்னிடம் பயின்றவன். சென்ற ஆண்டு அவ்வம்மையாரைப் பாரிசவாதம் தாக்கியது, வலக்கை விழுந்துவிட்டது. வைத்தியசாலையில் உயிரைக் காத்தனர். வீட்டுக்கு அனுப்பும்போது, வாரம் இருமுறை பயிற்சிக்கு வருமாறு துண்டில் எழுதிக் கொடுத்தனர்.

ஒருநாள் மகனுக்கு வேலை இருந்தமையால் நான் துணையாகச் சென்றேன். பயிற்சி அறையின் வாயிலில் வாங்கு நிறைய நோயாளர் அமர்ந்திருந்தனர். இடமின்றிச் சுவரோரம் நின்றவரும் பலர். உள்ளே இளம்பெண் ஒருத்தியே பணியாற்றிக்கொண்டிருந்தாள். சிங்களப் பிள்ளை, ஆயினும் இயன்றவரை தமிழ் பேசினாள். அம்மையாரின் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்டினாள். அவள் கை அம்மையாரிடத்து இருந்தது. கண் வாயிலை நோக்கி நோக்கி மீண்டது. பத்து நிமிடம் ஆயிற்று. “அம்மா, இப்படியே வீட்டில தினமும் செய்யுங்கோ” என்று சொல்லி அடுத்தவரை அழைத்தாள். அவளைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. வாங்கில் இருந்தவர் அனைவரும் மாலைக்குள் வீடு திரும்ப வேண்டியவர்கள். அவள் கைகள் இரண்டே.

அம்மையார் நான்கு வாரம் சென்றார், பின்னர் நின்றுவிட்டார். காரணம் வினவியபோது, “பஸ்ஸுக்குக் காசு ஒரு பக்கம், மாஸ்டர். கூட வாறவங்களுக்கு ஒரு நாள் பேர் போயிடுதே” என்றார். வீட்டிற் செய்யுமாறு காட்டிய பயிற்சியைச் சரிவரச் செய்கிறோமா என்று பார்ப்பதற்கு லயத்தில் எவரும் இல்லை. இன்று அக்கை நெஞ்சோடு மடங்கிக் கிடக்கிறது.

மற்றொருத்தி என் பழைய மாணவி. அவளும் கொழுந்தெடுத்தவரின் மகளே. உயர்தரத்தில் விஞ்ஞானம் பயின்று, பல்கலைக்கழகம் புகுந்து, இயன்மருத்துவத்திற் பட்டம் பெற்று வந்தாள். அரச நியமனத்துக்குக் காத்திருந்த காலத்திலே தலைநகரில் வீடு தேடிச் சென்று சிகிச்சை அளிக்கும் தனியார் நிறுவனமொன்றிற் சேர்ந்தாள். பொங்கலுக்கு ஊர் வந்தபோது என்னைக் காண வந்தாள். முன்பு கலகலவென்று பேசுபவள் அன்று தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தாள். வினவ வினவ ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அடிப்படைச் சம்பளம் சிறிது. எஞ்சியது வருகைக்கு இவ்வளவு என்னும் கூலி. ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் பஸ்ஸிற் செல்லும் நேரம் கணக்கில் இல்லை. போன இடத்தில் நோயாளிக்குக் காய்ச்சலாயிருந்து திரும்பி வந்தால் அவ்வருகைக்குக் கூலி இல்லை. மாதத்துக்கு இத்தனை வருகை என்று இலக்கு உண்டு. அது குறைந்தால் ஊக்கத்தொகை முழுவதும் போய்விடும். ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் எழுத வேண்டிய குறிப்பை இரவில் உறக்கத்தைக் கெடுத்துத்தான் எழுத வேண்டும். இவையெல்லாம் பொறுக்கத் தக்கனவே என்றாள் அவள். அவளை வருத்தியது வேறொன்று. முதியவர் ஒருவர் நன்கு நடக்கத் தொடங்கிவிட்டார். இனிச் சிகிச்சை வேண்டியதில்லை என்று அவள் எழுதிக் கொடுத்தாள். மேலாளர் அழைத்து, இன்னும் ஆறு வருகை போட முடியாதா என்று கேட்டாராம். அதே வாரத்தில், கட்டணம் செலுத்த இயலாத வேறொரு நோயாளியை, அவர் எழுந்து நிற்கத் தொடங்கும் தறுவாயிற் கைவிட நேர்ந்ததாம்.

“சேர், அம்மாவுக்குத் தராசு; எனக்குத் தாள். பேர் போடுறது ஒண்ணுதான்” என்றாள்.

பேரும் அரைப்பேரும்

பேர் என்னும் சொல்லின் தோட்ட வழக்கை அறியாத வாசகர்க்காகச் சிறிது விளக்குதல் வேண்டும். மலையகத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்பது கணக்கு. காலையிற் பெரட்டுக்கு வந்து, மலையேறி, மாலை வரை நின்றால் மட்டும் ஒரு பேர் கிடைத்துவிடாது. குறித்த நிறைக் கொழுந்து தராசில் ஏற வேண்டும். அந்நிறை தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். 18 கிலோ என்பர், 20 கிலோ என்பர். அது குறைந்தால் அரைப்பேர். காலை முதல் மாலை வரை சரிவில் நின்ற கால்கள் ஒரு முழு நாள் நின்றவையே. கூடையாயினும் சாக்காயினும் சுமந்த கழுத்து முழு நாள் சுமந்ததே. ஆயினும் கணக்கில் அரை நாள். இதற்கு மேலும் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிவு உண்டு.

இதிற் கற்றுக்கொள்ளத் தக்க பாடம் ஒன்று 2021ஆம் ஆண்டிற் கிட்டியது. நெடுநாட் போராட்டத்தின் பின்னர் சம்பளச் சபையின் தீர்மானப்படி நாட்சம்பளம் 1,000 ரூபாயாக உயர்ந்தது. மகிழ்ந்தோம். ஆனால் பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய நிறையும் உடன் உயர்ந்தது. நிறை எட்டாதவர்க்கு அரைப்பேர் விழுந்தது. சம்பளத்தை உயர்த்துபவர் ஒருவராகவும், அளவுகோலை வைத்திருப்பவர் மற்றொருவராகவும் இருக்கும்வரை உயர்ந்த சம்பளம் கைக்கு வந்து சேர்தல் அரிது. என் மாணவி தாயின் வாழ்க்கையிற் கண்ட இவ்வுண்மையைத் தன் தொழிலிலும் கண்டாள்.

கொழுந்தையாவது நிறுத்துப் பார்க்கலாம். தராசு பொய்யின்றி இருக்கும்வரை நிறை என்பது உள்ள பொருளின் நிறையே. நோயாளிக்கு அளித்த நிமிடத்தை நிறுத்துக் காட்டும் தராசு எங்கும் இல்லை. எழுதியதே கணக்கு. எனவே அளவுகோலின் அழுத்தம் மிகும்போது எழுத்துப் பொய்க்கத் தொடங்கும். இது வெறும் ஐயமாக நில்லாமல் அமெரிக்காவில் வழக்காகவே எழுந்தது.

எழுநூற்றிருபது நிமிடம்

அமெரிக்க நாட்டில் 65 வயதைக் கடந்தவர்க்கு மெடிக்கெயர் என்னும் அரச மருத்துவக் காப்புறுதி உண்டு. நோய் தணிந்து, வீடு திரும்புமுன் பராமரிப்பு இல்லங்களிற் சில வாரம் தங்குவோர்க்கு அவ்வரசே பணம் செலுத்தும். முன்னைய விதிப்படி, வாரத்துக்கு எத்தனை நிமிடம் சிகிச்சை என்பதைக் கொண்டு அப்பணத்தின் படித்தரம் அமைந்தது. மிக உயர்ந்த படிக்கு வாரம் 720 நிமிடம் வேண்டும். எழுநூற்றிருபதாவது நிமிடம் எய்தியதும் கட்டணம் உச்சிக்கு ஏறும். ஒரு நிமிடம் குறைந்தாலும் படி இறங்கும். நம் தோட்டத்துப் பேரும் அரைப்பேரும் போன்றதே இது.

அவ்வில்லங்கள் பல சிகிச்சையாளரைத் தாமே அமர்த்துவதில்லை. புனர்வாழ்வுச் சேவைக் கம்பனிகளிடம் ஒப்பந்தம் செய்துகொள்ளும். அத்தகைய கம்பனிகளில் மிகப் பெரியனவற்றுள் ஒன்று ரிஹாப்கெயர். ஆயிரத்துக்கு மேற்பட்ட இல்லங்களோடு ஒப்பந்தம் கொண்டிருந்தது. 2016 ஜனவரியில் அக்கம்பனியும் அதன் தாய்க் கம்பனியாகிய கிண்ட்ரெட் ஹெல்த்கெயரும் அமெரிக்க அரசுக்கு 12.5 கோடி டொலர் செலுத்த இணங்கின. அரசு சாட்டிய குற்றங்கள் இவை: நோயாளியின் நிலையை ஆராயாமலே அவரை உச்சப் படியில் வைத்தது, கட்டணத்தை முடிவுசெய்யும் கணிப்பு நாட்களில் மட்டும் சிகிச்சையை மிகுத்துப் பின்னர் குறைத்தது, நோயாளி உறங்கிய நேரத்தையும், சிகிச்சையாற் பயன்பெற இயலாதிருந்த நேரத்தையும் சிகிச்சை நிமிடமாக எழுதியது, நிமிடங்களைக் குத்துமதிப்பாகக் குறித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் லைஃப் கெயர் சென்டர்ஸ் என்னும் மற்றொரு கம்பனி, இத்தகைய குற்றச்சாட்டின்பேரில் 14.5 கோடி டொலர் செலுத்த இணங்கியது. இவை இணக்கத்தால் முடிந்த வழக்குகள். நீதிமன்றம் குற்றத்தை நிறுவித் தீர்ப்பு அளித்தது என்று கொள்ளலாகாது. ஆயினும் இத்துணைப் பெருந்தொகை எவரும் வாளா கொடுப்பதன்று என்பதை வாசகர் உணர்வர்.

இவ்வழக்கில் என் கருத்தை ஈர்த்தது பணத்தின் பெருமை அன்று. ரிஹாப்கெயர் மீது முதலில் முறையிட்டவர் இருவர். ஒருவர் இயன்மருத்துவர், மற்றவர் தொழில்வழிச் சிகிச்சையாளர். இருவரும் அதே கம்பனியிற் பணியாற்றியவர்கள். கம்பனி வகுத்த இலக்குக்கும் தம் கையில் இருந்த நோயாளிக்கும் இடையே அகப்பட்டு, நோயாளியின் பக்கத்தே நின்றவர்கள். உழை என்பதற்குப் பக்கம் என்று பொருள் சொல்லிச் சென்றேன் அன்றோ? அச்சொல்லின் முழுப்பொருளை இவ்விருவரிடத்துக் கண்டேன்.

அமெரிக்க அரசு பின்னர் அளவுகோலை மாற்றியது. 2019 ஒக்டோபர் முதல் நிமிடத்துக்கெனக் கட்டணம் இல்லை. நோயாளியின் நோய்நிலை நோக்கியே கட்டணம் என்று வகுத்தது. நோய் தீர்ந்ததென எண்ணினர். அந்த மாதத்திலேயே கம்பனிகள் பல சிகிச்சையாளரை வேலையினின்று நீக்கின; எஞ்சியோரின் மணிநேரத்தைக் குறைத்தன; தனித்தனியாக அளித்த பயிற்சியைக் குழுப் பயிற்சியாக மாற்றின. நேற்றுவரை 720 நிமிடம் இன்றியமையாதது என்று கூறப்பட்ட நோயாளிக்கு ஒரே இரவிற் குறைந்த நேரமே போதியதாயிற்று. நோயாளியின் உடல் ஓரிரவில் மாறவில்லை; கணக்கு மாறியது. நிமிடத்துக்குக் கூலி என்றால் வேண்டாத சிகிச்சை பெருகுகிறது; மொத்தத்துக்குக் கூலி என்றால் வேண்டிய சிகிச்சையும் சுருங்குகிறது. இரண்டிலும் சிகிச்சையாளரின் அறிவு கேட்கப்படுவதில்லை. எத்தனை நாள், எவ்வளவு நேரம் என்று முடிவுசெய்யும் உரிமை அவர் கையினின்று நழுவி, நோயாளியைக் காணாத ஒருவர் மேசைக்குப் போய்விடுகிறது. வேலை நிலைமையின் மூலக்குறை அதுவே.

நம் நாட்டு நிலை

இனி இலங்கைக்கு வருவோம். இயன்மருத்துவத்துக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்குமான பயிற்சிப் பாடசாலை கொழும்பில் 1957இல் தோன்றியது. பின்னர் கொழும்பு, பேராதனை முதலிய பல்கலைக்கழகங்களிற் பட்டப்படிப்புகள் எழுந்தன. றாகமையில் வாதநோய்க்கும் புனர்வாழ்வுக்குமெனத் தனி வைத்தியசாலையே உண்டு. ஆதலின் இக்கலை நம் நாட்டுக்குப் புதியதன்று. குறை எங்கேயெனில், கற்றவரைத் தக்க நிலையில் வைத்துப் போற்றாமையிலே.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் மருத்துவரும் சுகாதாரத்துறையின் ஏனையோரும் அலையலையாக நாடு நீங்கினர். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மருத்துவர்களுக்கான படியை 35,000 ரூபாயிலிருந்து 70,000 ரூபாயாக உயர்த்த அமைச்சரவை இணங்கியது. நாடு விட்டுச் செல்வோரைத் தடுத்து நிறுத்த அது வேண்டியிருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஏனையோர்க்கு நிகரான உயர்வு இல்லை. அவ்வாண்டு பெப்ரவரியில் 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் பணிநிறுத்தம் செய்தன. துணை மருத்துவத் தொழிலினரும் அதில் நின்றனர். வைத்தியசாலைகளிற் படையினரை நிறுத்த நேர்ந்தது.

பணிநிறுத்தத்தை நான் எளிதிற் போற்றுபவன் அல்லன். கொழுந்தெடுப்பதை நிறுத்தினால் இழப்பவர் கம்பனியார். நோயாளியைப் பார்ப்பதை நிறுத்தினால் இழப்பவர், ஒரு நாட் பேரைத் துறந்து பஸ்ஸேறி வந்த ஏழை. அவ்வேழை அன்று வெறுங்கையோடு திரும்பினார். இதனைச் சங்கத்தார் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அதேவேளை அரசும் ஒன்றை எண்ண வேண்டும். நான்கு கூறாக அமைந்த மருத்துவத்தில் ஒரு கூற்றை உயர்த்தி மற்றொரு கூற்றை மறந்தால், நாற்காலியின் ஒரு காலை மட்டும் நீட்டியதாக முடியும். அதில் அமர்பவர் மருத்துவரும் அல்லர், அமைச்சரும் அல்லர், நோயாளியே.

அரச வைத்தியசாலையில் இலக்கு இல்லை. மேலாளர் வந்து ஆறு வருகை கேட்பதில்லை. ஆயினும் அங்கும் நேரம் பறிபோகிறது. வாங்கின் நீளமே அங்கு அளவுகோல். தனியார் கம்பனியில் வேண்டாதவர்க்கு மிகுதி. அரச மனையில் வேண்டியவர்க்குக் குறைவு. என் மாணவியும் அச்சிங்களப் பிள்ளையும் ஒருவரையொருவர் அறியார். ஆனால் இருவர் குறையும் ஒன்றே: பக்கத்தே நிற்க வேண்டிய நேரம் அவர்கள் வசம் இல்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 240 கோடி மக்கள் இத்தகைய சிகிச்சையாற் பயன்பெறக் கூடிய நிலையில் உள்ளனர். வறிய நாடுகளும் நடுத்தர வருவாய் நாடுகளும் பலவற்றில், பத்து இலட்சம் மக்களுக்குப் பத்துச் சிகிச்சையாளர்கூட இல்லை என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. இருப்பவரையும் இழந்துகொண்டிருத்தல் நமக்குத் தகுமா?

தமிழகத்தில் இரு சான்றுகள்

குறையை மட்டும் கூறி அமைதல் முறையன்று. தமிழகத்தினின்று இரு சான்றுகள் காட்டுவேன்.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராயிருந்த மேரி வர்கீஸ் அம்மையார் 1954இல் நேர்ந்த வாகன விபத்தால் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயோர்க் சென்று புனர்வாழ்வு மருத்துவம் கற்று மீண்டார். 1966இல் வேலூரில் அதற்கெனத் தனி நிலையம் எழுந்தது. முதுகெலும்பு முறிந்தோர் அங்கே பல வாரம் தங்கிப் பயின்று, தாமே எழுந்து, தாமே உண்டு, தாமே தொழில் செய்யும் நிலையை எய்தி ஊர் திரும்புகின்றனர். சிகிச்சைக்கு வேண்டிய நேரத்தைச் சிகிச்சையே முடிவு செய்யும் இடம் எத்தகையது என்பதற்கு அது சான்று. நோயாளியாயிருந்து கற்றவர் அமைத்த நிலையம் அவ்வாறு அமைந்ததில் வியப்பில்லை.

மற்றையது அரசின் செயல். 2021 ஓகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. நடக்க இயலாதவர் வீட்டுக்கு இயன்மருத்துவர் தாமே செல்வது அதன் ஒரு பகுதி. பஸ்ஸேற வேண்டியவர் நோயாளியா, சிகிச்சையாளரா என்னும் வினாவுக்கு அது தக்க விடை. ஆயினும் அதிலும் ஒரு குறை உண்டு. வீடு தேடிச் செல்பவரை ஒப்பந்த முறையில் தற்காலிகமாக அமர்த்துகின்றனர். நிலையான பணியில்லாதவரிடம் நிலையான பரிவை எதிர்பார்ப்பது எங்ஙனம்? திட்டத்தின் கருத்தைக் கொள்வோம். அமர்த்தும் முறையை விடுவோம்.

செய்யத் தக்கவை

மலையகத் தோட்டங்களில் மருத்துவம் என்பது பழைய செய்தி. 1872ஆம் ஆண்டிலேயே தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கெனக் கட்டளைச் சட்டம் ஒன்று பிறந்தது. தோட்டத்து மருந்தகங்கள் காய்ச்சலையும் பேதியையும் பிரசவத்தையும் பார்த்தன. தொழிலாளி உயிரோடிருந்து மறுநாட் பெரட்டுக்கு வரவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். பெரட்டுக்கு வர இயலாது போனவர் கணக்கினின்று நீங்கினார். 1992இல் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் கைக்குப் போனபின்னும் இந்நோக்கம் பெரிதும் மாறவில்லை. கழுத்தாலும் முதுகாலும் முழங்காலாலும் தேயிலையை வளர்த்த மக்களுக்கு, அக்கழுத்தும் முதுகும் முழங்காலும் தேய்ந்தபின் கைகொடுப்பார் இல்லை.

ஆகவே அரசாயினும் கம்பனியாயினும், இம்மலைகளுக்குச் சிகிச்சையாளரை அனுப்ப நாளை முன்வருமாயின், சிலவற்றை முதலிலேயே வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். ஒருவர் ஒரு நாளில் இத்தனை பேருக்கு மேற் பார்க்கலாகாது என்று எல்லை இட வேண்டும். இதுவரை கீழெல்லையையே இலக்கு என்கிறோம், வேண்டியது மேலெல்லை. லயத்துக்கு லயம் ஏறி இறங்கும் நேரமும், குறிப்பு எழுதும் நேரமும் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். இன்னாருக்கு இனிச் சிகிச்சை வேண்டாம், இன்னாருக்கு இன்னும் வேண்டும் என்று சிகிச்சையாளர் எழுதியதை வரவு செலவு பார்ப்பவர் மாற்றலாகாது. மாற்ற வேண்டுமாயின் நோயாளியை நேரிற் கண்ட மற்றொரு சிகிச்சையாளரே மாற்ற வேண்டும். பயிற்சிக்குச் செல்லும் தொழிலாளிக்கும் உடன் செல்பவருக்கும் அந்நாட் பேர் கிடைக்க வேண்டும்.

அளவே வேண்டாம் என்றால் சோம்பேறிகள் பிழைத்துக்கொள்வர் என்று நிருவாகம் தெரிந்த நண்பர் ஒருவர் என்னோடு வாதித்தார். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆசிரியத் தொழிலிலும் அத்தகையோரைக் கண்டவன் நான். அளவு வேண்டும், எதனை அளப்பது என்பதே கேள்வி. எத்தனை வருகை என்பதை விட்டு, விழுந்த கை கோப்பையைத் தூக்கியதா, படுத்தவர் வாசல்வரை நடந்தாரா என்று கேட்கட்டும். அதிலும் எளிய நோயாளரை மட்டும் தெரிந்தெடுத்து நற்பெயர் வாங்கும் தந்திரம் நுழையும் என்பதை அறிவேன். ஆதலின் எந்த அளவும் சிகிச்சையாளரின் அறிவுக்குத் துணையாக நிற்க வேண்டும். அதன் இடத்தைக் கவர்ந்துகொள்ளலாகாது. மாணாக்கரின் புள்ளியை மட்டும் கொண்டு ஆசிரியரை நிறுத்தால் என்ன விளையும் என்பதை இதனைப் படிக்கும் ஆசிரியர் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று நம் கையிலேயே உள்ளது. பயிற்சி என்பது சொல்லால் நடப்பது. நீட்டு, மடக்கு, மெல்ல, வலிக்கிறதா என்னும் சொற்கள் நோயாளியின் தாய்மொழியிற் செவியில் விழ வேண்டும். மலையகப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானம் பயிலும் பிள்ளைகளுக்கு, மருத்துவம் கிட்டாவிடின் யாதும் இல்லை என்னும் எண்ணம் ஆழப் பதிந்திருக்கிறது. மருத்துவத்தில் நான்கு கூறு உண்டு என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர் நாமே. ஆனால் சொல்லி அனுப்பிய பிள்ளை, தாள் என்னும் தராசின் முன் போய் நிற்க நேருமாயின், அனுப்பிய குற்றம் நம்மையும் சேரும்.

என் மாணவி அந்நிறுவனத்தை விட்டுவிட்டாள். வெளிநாடு செல்வதற்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். பொங்கல் விடுமுறையில் நான் கேட்டுக்கொண்டதன்பேரில் அந்த அம்மையாரின் லயத்துக்கு மூன்று நாள் வந்தாள். ஒவ்வொரு நாளும் ஒரு மணிநேரத்துக்கு மேல் இருந்தாள். எவரும் கடிகாரம் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மடங்கிய சுட்டுவிரல் சிறிது நீண்டது. முப்பது ஆண்டு கொழுந்து கிள்ளிய விரல் அது. அதனை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மையார், “அந்தப் புள்ள திரும்பி வருமா, மாஸ்டர்?” என்று பிறகு என்னைக் கேட்டார்.

வரும் என்று சொல்ல என்னால் இயலவில்லை. அவளைப் போக வேண்டாம் என்று சொல்லவும் வாய் எழவில்லை. பக்கத்தே நிற்பதற்குக் கற்றவள் பக்கத்தே நிற்கக்கூடிய நிலையை இந்நாடு ஆக்கித் தந்தாலன்றி, அவளைத் தடுக்க நமக்கு உரிமை ஏது? அடுத்த ஆண்டு அக்குறளை வகுப்பில் நடத்தும்போது அவ்வினாவை மீண்டும் கேட்பேன். விடையை மாணாக்கர் கூறுவதற்கு முன், ஆளும் பொறுப்புடையோர் உணர்வார்களாக.